முந்திச் சொன்ன வாழ்த்து

வேணாம் நாஸெலி, அது மட்டும் வேணாம். வேற என்ன வேணும்னாலும் கேளு. அந்த வால்நட் ஜாம் ஜாடி வேணுமா, தூக்கிக்கிட்டுப் போ. ஜன்னல் திரை பிடிச்சிருக்கா, இப்பவே கழட்டித் தர்றேன். அந்த வார்த்தையை மட்டும் என் வாயில இருந்து வாங்க முடியாது. உன் மாமியா சத்தெனிக் வெண்ணெய் போட்டு கட்டா இனிப்பு ரொட்டி சுட்டு, தட்டுல அடுக்கி, மேல வெள்ளைத் துணி போத்தி, உன்னை மூணு மாடி ஏத்தி அனுப்பியிருக்கா. புரியுது. நிறைமாச வயித்தோட நீ மூச்சு வாங்கறதும் தெரியுது. மொதல்ல உக்காரு. அய்யோ அதுல இல்ல, அந்த நாற்காலிக்கு ஒரு கால் நொண்டி. இதுல உக்காரு. முதுகுக்கு இந்தத் தலையணையை வெச்சுக்கோ.

ஆமாமா, எனக்கும் தெரியும். மாசமா இருக்கறவ வாய் விட்டுக் கேட்டதை இல்லேன்னு சொன்னா, சொன்னவ கண்ணுல கட்டி வரும். வரட்டுமே. எனக்கு ஏற்கெனவே ஒரு கண்ணுல புரை. அந்தக் கண்ணுலயே கட்டியும் வந்துட்டா ஒரே கண்ணோட போகும் ரெண்டு கஷ்டமும்.

சிரி, சிரி. சிரிச்சா புள்ளைக்கு நல்லது.

ஏன், உனக்கு வேற யாரும் சொல்லலையா? பொய் சொல்லாத. கீழ செருப்பு தைக்கிறவன் சொல்லியிருப்பான். போஸ்ட் ஆபீஸ்காரி சொல்லியிருப்பா. மினிபஸ் டிரைவர் வண்டியை நிறுத்திச் சொல்லியிருப்பான், பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சாலும் கவலைப்படாம. நம்ம சிசியான் ஊர்ல வயிறு தள்ளின பொண்ணு ரோட்டுல நடந்தா நாய் ஒண்ணுதான் வாழ்த்தாது. லேசா விடுபட்டு வா, லேசா விடுபட்டு வான்னு எல்லா வாயும் அதையேதான் சொல்லும். ஒன்பது மாசமா காதுல விழுந்து விழுந்து உனக்கே சலிச்சிருக்கும். அதுல என் வாய் ஒண்ணு குறைஞ்சா என்ன கெட்டுப்போச்சு?

ம்? அவ அப்படியா சொன்னா? இந்த வர்துஷ் வாயில இருந்து வந்தாத்தான் வாழ்த்துன்னு சொன்னாளா? உன் புருஷன் மெஸ்ரோப் பொறந்தப்போ சேதி கொண்டுவந்த வாய், ராசியான வாய். ம். ராசியான வாய்.

டீயைக் குடி, ஆறிடும். காட்டுப் புதினா போட்டிருக்கேன். சக்கரை கம்மியா இருந்தா சொல்லு.

இல்ல, கோவம் ஒண்ணும் இல்ல. உன் வலியெல்லாம் நான் வாங்கிக்கிறேன் கண்ணு, உன்மேல எனக்கு என்ன கோவம்? உன் மாமியாவை நினைச்சேன். முப்பத்தெட்டு வருஷமா பிப்ரவரி பொறந்தா ஒரு தட்டு பலகாரம் வந்துடும். யார்கிட்டயாவது குடுத்து அனுப்புவா. முன்னெல்லாம் மெஸ்ரோப்பே கொண்டுவருவான், மூக்கு ஒழுகிக்கிட்டு, தட்டுல பாதியை மாடிப்படியிலயே தின்னுட்டு. அவ ஒரு தடவை கூட இந்தப் படி ஏறினதில்ல. ஏன்னு கேக்காத. எனக்கும் தெரியாது.

சரி, அந்தக் கதையைச் சொல்லவா? உங்க வீட்டுல வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு ஓடற கதைதான். உன் மாமனார் கரெகின் சொல்லிக் கேட்டிருப்பே, பாவம், நல்ல மனுஷன், மண்ணு அவனுக்கு லேசா இருக்கட்டும். ஆனா அவன் கீழ முத்தத்துல நின்னவன். நான் மேல இருந்தவ. மேல இருந்தவ கதை வேற மாதிரி இருக்கும்.

நான் டாக்டரும் இல்ல, மருத்துவச்சியும் இல்ல. ஆயா. தரை துடைக்கிறது, துணி அலசறது, பேசின் தூக்கறது. அந்தக் காலத்துல பிரசவ ஆஸ்பத்திரிக்குள்ள புருஷன், மாமியா, பெத்தவ, ஒருத்தரும் வர முடியாது. கதவைச் சாத்திடுவாங்க. ஆம்பளைங்க எல்லாம் கீழ முத்தத்துல பனியில நின்னுக்கிட்டு, கழுத்து சுளுக்கிக்கற அளவுக்கு ஜன்னலையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும்னா எங்களை விட்டா வேற வழி கிடையாது. புள்ளை பொறந்ததும் ஒருத்தி ஓடிப்போய், உன் கண்ணுக்கு வெளிச்சம்னு அப்பன்காரன்கிட்ட சொல்லணும். அப்படி மொதல்ல சொல்ற வாய்க்குத்தான் பரிசு. ரெண்டாவதா போய்ச் சொன்னவளுக்கு ஒரு சிரிப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

பரிசுன்னா என்ன, பொண்ணு பொறந்தா சாக்லேட் டப்பா. பையன் பொறந்தா தலைத்துணி, செண்ட் பாட்டில், சில சமயம் ஒரு முழு ஆட்டுக்கால். என்ன மொறைக்கிறே? நானா வெச்ச சட்டம்? நீ பொண்ணையே பெறு, நானே உனக்கு ஆட்டுக்கால் வாங்கித் தர்றேன்.

அர்பெனிக்னு ஒருத்தி என்கூட வேலை பாத்தா. கால் ரெண்டும் கொக்குக் கால். நான் குட்டை. ஆனா எனக்குக் காது கூர்மை. உள்ள மொத அழுகுரல் கேட்டதும் அது ஆணா பொண்ணான்னு எட்டிப் பாத்துட்டு படி இறங்கிடுவேன். அவ என்னைத் துரத்துவா. மாடிப்படித் திருப்பத்துல என் தலைத்துணியைப் பிடிச்சு இழுத்திருக்கா, தெரியுமா? நான் ஒருநாள் அவ துடைப்பத்தைக் குறுக்க வெச்சு அவளை விழ வெச்சிருக்கேன். நாப்பது வயசுப் பொம்பளைங்க. வெக்கம் ஏது? என் வீட்டுக்காரர் குடிச்சுக் குடிச்சுச் செத்து மூணு வருஷம் ஆச்சு அப்போ. எனக்குப் புள்ளை குட்டி கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை யாரோ ஒருத்தன் என்னைக் கட்டிப் புடிச்சு, அக்கா, உன் வாய் வாழ்கன்னு சொல்லுவான் பாரு, அதுக்கு முன்னால செண்ட் பாட்டில் என்ன பெருசு? நிஜமாச் சொல்றேன், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஓடுவேன்.

சரி, பிப்ரவரிக்கு வர்றேன். எண்பத்தாறாம் வருஷம். பனி இடுப்பு மட்டும். சத்தெனிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், மூணு தடவை கலைஞ்சிருக்கு. நாலாவது இது. கரெகின் மூணு நாளா முத்தத்தை விட்டு நகரலை. கல்லு ஏத்தற லாரியை அங்கயே நிறுத்திட்டு, அதுலயே தூக்கம். அவனோட குவாரி ஆளுங்க ஏழெட்டுப் பேர், எங்கயோ கல்யாணத்துல இருந்து இழுத்துக்கிட்டு வந்த ஒரு ஸுர்னா நாயனம் ஊதறவன், எல்லாரும் நெருப்பு போட்டுக் குந்திக்கிட்டு இருக்காங்க. மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும். நான் கதவைத் திறந்துக்கிட்டு படியில நின்னு, கரெகின், உன் கண்ணுக்கு வெளிச்சம், பையன்டான்னு கத்தினேன்.

அவன் மொதல்ல அசையவே இல்லை. அப்புறம் என்னை அப்படியே தூக்கிச் சுத்தினான் பாரு, என் செருப்பு ஒண்ணு பறந்து பனியில விழுந்துடுச்சு. கைக்கடிகாரத்தைக் கழட்டி என் கையில மாட்டினான். குவாரி ஆளுங்க தொப்பியை வீசறாங்க, ஸுர்னா அலறுது, இவன் லாரி பானெட் மேல ஏறிக் குதிச்சு ஆடறான். பானெட் அப்படியே பள்ளமாயிடுச்சு. கடைசி வரைக்கும் அந்தப் பள்ளத்தை அவன் தட்டி எடுக்கவே இல்லை, இல்லையா? என் மகன் பொறந்த பள்ளம்னு எல்லாருக்கும் காட்டுவான். எனக்கு ஒரு கிளாஸ் கோன்யாக் பிராந்தி ஊத்திக் குடுத்தாங்க. குடின்னாங்க, குடிச்சேன். அம்மா அப்பன் நிழல்லயே வளரட்டும்னு எல்லாரும் ஒரே குரல்ல கத்தினாங்க. நானும் கத்தினேன். மனுஷங்க அப்படிச் சந்தோஷப்பட்டு அதுக்கு முன்னால நான் பாத்ததில்ல. அப்புறமும் பாக்கலை.

இன்னொரு துண்டு எடுத்துக்கோ. நீயே கொண்டுவந்ததுதானே, கூச்சம் என்ன?

பாத்தியா, மறுபடி அங்கயே வந்துட்டே. அவ்வளவு ராசியான வாய்னா ஏன் சொல்ல மாட்டேங்கறேன்னு. விட மாட்டே போல. பிடிவாதம், உன் புருஷனுக்கு ஏத்தவதான்.

சொல்றேன். அந்த வார்த்தையைக் கடைசியா ஒருத்திக்குச் சொன்னேன். அதுக்கப்புறம் யாருக்கும் சொல்லலை. வாயைத் திறந்தா அவ குரல்தான் முன்னால வந்து நிக்குது. பேய் கீய்னு நினைக்காத. பேய்க்கெல்லாம் கம்பியைத் தலையணைக்கு அடியில வெச்சா போயிடும். இது போகாது.

மனுஷாக்னு பேரு. பத்தொன்பது வயசு. கப்பான்ல டீச்சர் படிப்பு படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு. கல்யாணம் ஆகலை. பையன் பட்டாளத்துக்குப் போனவன் போனவன்தான், கடுதாசி கூட இல்லை. ஊருக்குத் தெரியாம பெத்துட்டுப் போகட்டும்னு அவ சித்தி இங்க கூட்டிக்கிட்டு வந்தா. ஆம்பளைக் கோட்டு ஒண்ணை மாட்டி விட்டிருந்தா, வயிறு தெரியாம இருக்க. பெத்துட்டுக் காகிதத்துல கையெழுத்துப் போட்டா போதும், புள்ளை அனாதை இல்லத்துக்குப் போயிடும். அப்படித்தான் ஏற்பாடு. சித்தி டாக்டரம்மாகிட்ட பேசிட்டு, அந்தப் பொண்ணு முகத்தைக் கூடப் பாக்காம பஸ் பிடிச்சுப் போயிட்டா.

நான்தான் அவளுக்குத் துணி மாத்தி விட்டேன். கோட்டைக் கழட்டினா உள்ள வயித்தைச் சுத்தி இறுக்கமா துணி. அவிழ்க்க அவிழ்க்க வந்துக்கிட்டே இருக்கு. சிவந்து தடிச்சுப் போயிருந்துச்சு. அப்போ அவ கேட்டா, அக்கா, எனக்கும் அதைச் சொல்லுவீங்களான்னு. எதைன்னேன். பக்கத்து ரூம்ல அந்த அக்காவுக்குச் சொன்னீங்களே, அது. எனக்கு யாரும் சொல்லலைன்னா.

யோசிச்சுப் பாரு நாஸெலி. உனக்கு மினிபஸ்காரன் வண்டியை நிறுத்திச் சொல்றான். அவ காதுல ஒன்பது மாசமா ஒரு வாழ்த்து விழலை.

சொன்னேன். அவ நெத்தியில கை வெச்சு, லேசா விடுபட்டு வா மகளேன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அக்கா, நான் கையெழுத்துப் போட மாட்டேன், புள்ளையை நானே வெச்சுக்கப் போறேன், யார்கிட்டயும் இன்னும் சொல்லலை, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்னா. எப்படிடி வளப்பேன்னு கேட்டேன். ரெண்டு கை இருக்குன்னா.

ஒரு மணி நேரத்துல அவளுக்குப் பொறந்துச்சு. பொறந்த புள்ளையை உடனே வேற ரூமுக்குக் கொண்டுபோயிட்டாங்க. சாயங்காலம் நான் அவகிட்ட போய், மூச்சு இல்லாமப் பொறந்துச்சும்மா, இல்லேன்னு ஆயிடுச்சுன்னு சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன், டாக்டரம்மா என்னைத்தான் அனுப்பினா. அவ அழலை. என்னையே பாத்துட்டு, ஆனா அது அழுதுச்சே, எனக்குக் கேட்டுச்சேன்னா. நான் சொன்னேன், அழுதது பக்கத்துப் புள்ளை.

மூணாம் நாள் அந்த ஆம்பளைக் கோட்டை மாட்டிக்கிட்டு போனா. பொத்தான் எல்லாம் இப்போ போட முடிஞ்சுது. ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கலை.

அதுல இருந்து நான் கீழயும் ஓடலை. எல்லாப் பரிசையும் அர்பெனிக்தான் அள்ளினா. கால் வலியான்னு நக்கலா கேட்டா. ஆமான்னேன். யாராவது வயித்தோட எதிர்ல வந்தா நான் தெருவுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். வர்துஷுக்குப் புள்ளை இல்லாத பொறாமைன்னு ஊரு பேசிச்சு. பேசட்டும்னு விட்டுட்டேன். அதுவே எனக்கு வசதியா இருந்துச்சு.

என்னது? அதுக்கு ஏன் நான் பழி சுமக்கணும்னா? புள்ளை செத்தா ஆயா என்ன பண்ணுவான்னா? நல்ல மனசு உனக்கு. டீயை முழுசாக் குடி.

அவ திரும்பி வந்தா. பதினோரு வருஷம் முன்னால. இதே கதவை வந்து தட்டினா. நான் அடையாளமே கண்டுபிடிக்கலை. தலை பாதி நரை, கை காய்ச்சுப் போயிருந்துச்சு. கல்யாணம் பண்ணி, புருஷன் போய்ச் சேர்ந்து, புள்ளை ஒண்ணும் தங்கலை. அக்கா, நான் மனுஷாக்னா. அவ கதவுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டு, சண்டை போட வரலைக்கா, புள்ளையை எங்க புதைச்சாங்கன்னு மட்டும் காட்டுங்க, ஒரு சின்னக் கல்லு வெக்கணும், பணம் சேத்து வெச்சிருக்கேன்னா.

கல்லு. பேரு இல்லாத புள்ளைக்கு ஒரு கல்லு.

அழைச்சுக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால சுவரோரம், நெட்டிலிங்கம் மாதிரி உசரமா மரங்க வரிசையா நிக்கும் பாரு, அங்க. அந்தக் காலத்துல இப்படிப்பட்ட புள்ளைங்களை அங்கதான் வெப்பாங்க. எனக்கு இடம் தெரியும், மறக்க முடியுமா? நானே ஒரு சோப்புப் பெட்டியில வெச்சுப் புதைச்சேன். அவ மண்டி போட்டா. தலைத்துணியை அவிழ்த்து மண்ணு மேல விரிச்சா, குளிருற புள்ளைக்குப் போத்தற மாதிரி. அப்புறம் பேச ஆரம்பிச்சா. இருபத்தேழு வருஷப் பேச்சு. உன்னை விட்டுட்டுப் போகணும்னு நான் நினைக்கலைடா கண்ணா, நான் கையெழுத்துப் போடலைடான்னு அந்த மண்ணுகிட்ட சொல்றா.

அதை என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியலை. வேற எதை வேணும்னாலும் தாங்கியிருப்பேன். எந்திரி மனுஷாக்னேன். இதுல ஒரு புள்ளை இருக்கு, ஆனா அது உன்னோடது இல்லைன்னேன்.

எங்க எந்திரிக்கிறே? உக்காரு. வேகமா எந்திரிக்காத, தலை சுத்தும். யாரோடதுன்னு கேக்கறே. சொல்லத்தான் போறேன், கொஞ்சம் பொறு.

அதே பிப்ரவரி மத்தியானம், பிரசவ ரூம்ல ரெண்டு மேஜை. நடுவுல ஒரு துணித் திரை. ஒரு பக்கம் மனுஷாக் வலியில இருந்தா. இந்தப் பக்கம் உன் மாமியாவுக்குப் புள்ளை வந்துடுச்சு. ஒரே ஒரு தடவை கத்துச்சு. பையன்னு பாத்தேன். வாசல்ல அர்பெனிக் துடைப்பத்தோட நிக்கறா, கழுத்தை நீட்டிக்கிட்டு. பேசினைக் கீழ போட்டேன், ஓடினேன். ரெண்டாவது அழுகை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதுதான் வழக்கம், எல்லா ஆயாவுக்கும் தெரியும். ரெண்டாவது அழுகைக்கு அப்புறம்தான் படி இறங்கணும். நான் இறங்கிட்டேன். கீழ கோன்யாக் குடிச்சேன், வாழ்த்துக் கத்தினேன், கால் மணி நேரம் என்னைத் தூக்கி வெச்சு ஆடினாங்க. மேல வந்து பாத்தா புள்ளை நீலமாக் கிடக்கு. டாக்டரம்மா அது வாயில ஊதி ஊதிப் பாத்துட்டு நிமிர்றா. தாய்க்காரிக்கு ரத்தம் நிக்கலை, மயக்கம் குடுத்துக் கர்ப்பப்பையையே எடுத்துக்கிட்டு இருக்காங்க. இனிமே அவளுக்கு ஒண்ணு கிடையாது.

யாரு கீழ போனதுன்னு டாக்டரம்மா கேட்டா. நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா. கீழ ஸுர்னா. பானெட் மேல ஒருத்தன் ஆடறான். போய்ச் சொல்றியான்னு கேட்டா. என்னால முடியலை. அவளாலயும் முடியலை. அப்போ திரைக்கு அந்தப் பக்கம் புள்ளை அழுதுச்சு. நல்ல கனமான அழுகை, ரெண்டாவது, மூணாவது, நிறுத்தவே இல்லை. அதுவும் பையன்.

யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை நாஸெலி. அந்தப் பொண்ணு எப்படியும் விட்டுட்டுத்தானே போகப் போறான்னு டாக்டரம்மா நினைச்சா. அவ விட மாட்டான்னு தெரிஞ்சவ அந்த ரூம்ல நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கலை. மணிக்கட்டுல கட்டற சீட்டு இருக்கும், சத்தெனிக் பேரை அதுல எழுதினது இந்தக் கைதான். சொன்ன வாழ்த்தைத் திரும்ப வாங்க முடியலைன்னு, அதை நிஜமாக்கிட்டேன்.

அழு. அழுதா தப்பில்ல. உன் வலி எனக்கு வரட்டும், அழு. வயித்தைப் பிடிச்சுக்காத, வலிக்குதா? இல்லையே? சரி.

கரெகினுக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்தான். சத்தெனிக்கா? அவ மயக்கத்துல இருந்தா. தெரியும்னும் சொல்ல மாட்டேன், தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். தட்டு வரும், அவ வர மாட்டா. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. ஆனா அவ வளத்ததுல ஒரு குறையும் கிடையாது, அதை எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

மனுஷாக் என்னை அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்த மரத்தடியிலயே, மெஸ்ரோப் எங்க இருக்கான்னு வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம் கேட்டா, நல்லா சாப்பிடறானா? சாப்பிடறான்னேன். உசரமா? உசரம்னேன். அந்தப் புள்ளை மேல விரிச்ச தலைத்துணியை அவ திரும்ப எடுக்கலை, அங்கயே விட்டுட்டு வந்தா. கல்லையும் வெச்சா, அடுத்த மாசம். அந்தக் கல்லு இன்னும் இருக்கு. அவன்கிட்ட சொல்லக் கூடாது, வளத்தவ மனசு நோகும்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. கப்பானுக்குத் திரும்பிப் போகலை. உங்க தெரு முக்குல லவாஷ் ரொட்டி சுடற கடை இருக்கே, அதுல வேலைக்குச் சேந்துட்டா. தோனிர் அடுப்புக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு முகமெல்லாம் சிவந்து போயிருக்குமே, ஆமா, அவதான். அதிகம் பேச மாட்டா. பதினோரு வருஷமா சனிக்கிழமை தவறாம மெஸ்ரோப் வந்து ரொட்டி வாங்கறான். வரிசையில அவன் நின்னா அடுப்புல இருந்து புதுசா எடுத்துத் தருவா. அவன் சில்லறையை வெச்சுட்டு, நன்றிங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவான்.

தெரு முழுக்க உனக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கு. அவ சொன்னாளா? யோசிச்சுப் பாரு. சொல்லியிருக்க மாட்டா. உன் வயித்தைப் பாத்துட்டுக் குனிஞ்சுக்குவா. தானா சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை, கேட்டாத்தான் சொல்லலாம்னு நினைக்கிறா.

போன மாசம் இங்க வந்தா, கையெல்லாம் மாவோட. சத்தெனிக் கண்டிப்பா மருமகளை உங்ககிட்ட வாழ்த்து வாங்க அனுப்புவா, நீங்க சொல்லிடாதீங்க, என் கடைக்கு அனுப்பி வைங்கன்னா. வேற எதுவும் சொல்ல வேணாம், சும்மா அனுப்புங்கன்னுதான் சொன்னா. என் வாய்தான் எப்பவும் முந்திக்குது, பாத்தியா, இன்னிக்கும் முந்திக்கிச்சு. மெஸ்ரோப்கிட்ட சொல்றதும் சொல்லாததும் நீ பெத்து எழுந்த பிறகு நீயே யோசி, இப்போ ஒண்ணும் வேணாம்.

கோட்டை மாட்டிக்கோ, காத்து அடிக்குது. படியில கைப்பிடியை விடாத. கடை ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும். உண்மை தெரிஞ்ச அப்புறம் தனக்குன்னு என்கிட்ட அவ கேட்டது இது ஒண்ணுதான் நாஸெலி. உங்க வாழ்த்து என் புள்ளையைக் கொண்டுபோச்சு, பேரப்புள்ளைக்கு நான் சொல்லிக்கிறேன்னா.